எண்பத்தைந்து டிகிரி!

"ஐயோ... மெங்சே!"

ஷூஃபென்னின் அலறலில் சோதனைக்கூடமே திரண்டு ஓடி வந்தது.

ஷிஞ்சு நகரத்து செல்போன் கம்பெனி. பகல் பதினொன்றரை.

போன்களைச் சோதிக்கும் மெங்சே, நாற்காலியோடு கவிழ்ந்து கிடந்தான். சட்டைப்பை கருகியிருந்தது. வெடித்துச் சிதறிய புது மாடல் போன் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

உயிர் இல்லை!

இன்ஸ்பெக்டர் லியென் வந்ததுமே மேனேஜர் காங் முந்திக்கொண்டார்.

"கெர்னல் எழுதுறது இந்தப் பொண்ணுதான் சார். இவளைக் கேளுங்க!"

"கெர்னலா?"

ஷூஃபென் முன்னால் வந்தாள். "போனை அடியில இருந்து நடத்துற புரோகிராம் சார். பிராசசர் எண்பத்தஞ்சு டிகிரி தொட்டா வேகத்தைக் குறைச்சிடும். சூடும் அடங்கும்... பேட்டரியும் மிச்சமாகும்."

"இதுல ஏன் அடங்கல?"

"அந்த வரம்பை யாரோ எடுத்துட்டாங்க..."

"யாரோவா?" காங் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க சார். நேத்து மத்தியானம் பன்னிரண்டு நாற்பது. இவ பேர்ல!"

"அப்ப நான் கீழே சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன் சார்! கம்ப்யூட்டரைப் பூட்டாம போயிட்டேன்..."

"சாட்சி?"

"மெங்சேதான்... கூடச் சாப்பிட்டான்."

இருந்த ஒரே சாட்சி... பிணமாகக் கிடந்தான்!

"என்னைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க சார்," அவள் இரண்டு கையையும் நீட்டினாள். "ஆனா சாயங்காலம் கடைக்குப் போற பெட்டிகளை நிறுத்துங்க. அதுலயும் இதே கெர்னல் இருந்தா...?"

"நடிக்காதே!" காங் சீறினார். "மெங்சே போன்ல மட்டும்தான் சார் மாத்தியிருக்கா. பெட்டியில இருக்கறதை நானே செக் பண்ணிட்டேன். ஒரு குறையும் இல்ல."

"நல்லதாப் போச்சு."

லியென் ஒரு பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். போனைச் சூடேற்றும் சோதனைக் கேமை ஓடவிடச் சொன்னார். காங்கின் உள்ளங்கையில் வைத்தார்.

"கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு இருங்க. வாக்குமூலம் எழுதி முடிச்சதும் வாங்கிக்கறேன்."

ஒரு நிமிடம். காங் சிரித்தார்.

இரண்டு. சிரிப்பைக் காணோம்.

மூன்று. நெற்றியெல்லாம் வியர்வை...

"சார், போதுமே..."

"எழுதிக்கிட்டு இருக்கேன்ல?"

நான்கு!

"வெடிச்சிடும்!"

அலறியபடி போனைத் தீயணைப்பு மணல் வாளிக்குள் வீசினார் காங்.

லியென் பேனாவை மூடினார்.

"செக் பண்ணிட்டேன்னு சொன்னீங்க?"

காங் பொத்தென்று உட்கார்ந்தார். "போன்களோட வேகப் போட்டியில நம்ம மாடல் முதல்ல வரணும்னு மேலிடத்து நெருக்கடி... இவ சாப்பிடப் போனப்ப நான்தான்... யாரும் சாகணும்னு நினைக்கல சார்!"

ஷூஃபென் மெங்சேயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழக்கூடத் தெம்பில்லை.

பெட்டிகளை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டுவிட்டு, விலங்கை எடுத்தார் லியென்.

"போனுக்கு வரம்பை எடுத்தீங்க, சரி. உங்களுக்கு எடுக்க மறந்துட்டீங்களே மேனேஜர்... நாலே நிமிஷச் சூட்டுல அடங்கிட்டீங்க!"