உர்சுலா அக்காவின் குரல்

எழுதிக் கொடுத்த வரிகளில் இல்லாத ஒரு செருமல், விளம்பரத்தின் தொடக்கத்தில் கேட்டது. நைஜல் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடியும் ஓட்டினான். தொண்டையைச் செருமி, எச்சில் விழுங்கி, அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் துணிக்கடையின் தள்ளுபடியைச் சொல்ல ஆரம்பித்தது.

உர்சுலா அக்கா அப்படித்தான் செருமுவார். கிள்ளானிலிருந்து ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் இந்த மாடி ஸ்டூடியோவுக்கு வந்து, பல வருஷம் வானொலி விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்தவர். ஒலிப்பதிவு செய்தவன் நைஜல். அந்தப் பழைய பதிவுகளையெல்லாம் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏஐக்கு ஊட்டியவனும் அவன்தான். இப்போது வரிகளைத் தட்டினால் போதும், அவர் குரலிலேயே பேசிவிடும். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். போன வாரம் அக்கா போன் பண்ணி, "வேலை ஏதும் இருந்தா கூப்பிடு லா, நைஜல்" என்றபோது, "ரேடியோ விளம்பரமே கொறைஞ்சி போச்சிக்கா" என்று கூசாமல் சொன்னான். போனை வைத்த பிறகுதான் உடம்பெல்லாம் கூசியது.

வெளியே மழை பிடித்துக்கொண்டு மத்தியானமே இருட்டிவிட்டது. ஏர்கோனின் ஈர வாடையும், கீழே சாப்பாட்டுக் கடையிலிருந்து ஏறிவந்த மீன் கறி மணமும், தகரக் கூரையில் விழும் மழையின் இரைச்சலும் அறையை நிறைத்திருக்க, அவன் செருமலை வெட்டி எறிந்துவிட்டு முழுசையும் புதிதாக உருவாக்கச் சொன்னான்.

இந்த முறை விளம்பரமே இல்லை. மூச்சு மட்டும். படியேறி வந்தவரின் மூச்சு.

ஹெட்போனைக் கழற்றினான்.

மூச்சு நிற்கவில்லை.

பின்னால். கதவருகே.

உர்சுலா அக்கா நின்றிருந்தார். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எப்பக்கா வந்தீங்க?"

அவர் வாயைத் திறந்தார். உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. கழுத்து நரம்பு புடைக்க மறுபடியும் முயன்றார். இல்லை. தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பிறகு அவனைக் காட்டினார்.

அந்த முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. தலை தானாகக் குனிந்தது. சொல்லிவிட வேண்டும். இப்போதே.

"மன்னிச்சிருங்கக்கா."

அவன் வாயிலிருந்து வந்தது அக்காவின் குரல்.

வாயைப் பொத்தினான். விரலிடுக்கில் அது கசிந்தது. மன்னிச்சிருங்கக்கா. மன்னிச்சிருங்கக்கா. நிறுத்த முடியவில்லை.

உர்சுலா அக்கா மெல்ல நெருங்கினார். கண்களை மூடிக்கொண்டார். ஈரம் சொட்டும் காதை அவன் தொண்டையில் வைத்துக் கேட்க ஆரம்பித்தார்.