அப்பளக் கட்டில் வந்த இரண்டாம் பதிப்பு

சந்திரனில் பல் துலக்கி முடித்ததும் எல்லோரும் செய்கிற அடுத்த வேலை, வாசல் கதவில் கழுத்தைக் காட்டி அன்றைய கவலை எவ்வளவு என்று பார்த்துக்கொள்வதுதான். கழுத்துக்குள் அரிசி அளவில் பதித்திருக்கும் சில்லு சொல்லும் நாடித்துடிப்பு, வியர்வை, இரத்தத்தில் ஓடும் சுரப்புகள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, கதவில் பொருத்திய கருவி நூறுக்குள் ஓர் எண்ணைக் கொடுக்கும். கவலைமானி என்று பெயர். நாற்பதுக்குள் இருந்தால் கதவு வணக்கம் சொல்லித் திறக்கும். அறுபதுக்கு மேல் போனால் வணக்கம் கிடையாது. எழுபதைத் தாண்டிவிட்டால் அடுத்த கப்பலில் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். மூடிய குமிழிக்குள் மூவாயிரம் பேர் வாழும் இடத்தில் ஒருவருடைய பதற்றம் பத்துப் பேருக்குத் தொற்றும் என்பது நலத்துறையின் வாதம். நியாயமான வாதம்தான், அந்த எண்ணைப் பார்த்தே பாதிப் பேருக்குப் பதற்றம் வருகிறது என்பதை விட்டுவிட்டால்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதரத்தினத்துக்குக் கதவு அறுபத்து நான்கு காட்டியது.

மன்னார்குடிக்காரர். வயது ஐம்பத்தெட்டு. குடியிருப்பின் காற்றுச் சுத்திகரிப்புப் பிரிவில் இருபத்தாறு வருட சர்வீஸ். அத்தனை வருடம் ஆறில் ஒரு பங்கு எடையோடு நடமாடிய எலும்புகள் பூமியின் இழுப்பைத் தாங்காது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். பூமிக்குப் போனால் மிச்சக் காலம் முழுவதும் படுக்கைதான். மனிதருக்கு எழுபது என்ற எண் கனவிலும் வரும்.

இவ்வளவு தெரிந்தவர் ஏன் வம்பை விலைக்கு வாங்கினார் என்றால், காரணம் ஒரு விளையாட்டு.

வெளிவீதி என்று அதற்குப் பெயர். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, வாயாலேயே விண்கப்பல் ஓட்டிப் போவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். இக்கட்டு வரும்போது பகடை உருட்டுவார்கள். பிழைப்பதும் சாவதும் பகடையின் கையில். சந்திரனில் உட்கார்ந்துகொண்டு விண்வெளிக்குப் போவதாகப் பாவனை செய்வது நமக்கு வேடிக்கையாக இருக்கலாம். தினமும் குழாயும் வடிகட்டியும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அப்படி இல்லை.

மூன்று மாதத்துக்கு முன் நலத்துறை அதன் நான்காம் பதிப்பைக் கொண்டுவந்தது. அதில் பகடை கிடையாது. குடியிருப்பை நிர்வகிக்கும் ஊர்மூளையே மனதுக்கு இதமான ஓர் எண்ணைப் போட்டுக் கொடுக்கும். கப்பலில் பிராணவாயு குறைந்தால் உதவி எந்திரம் ஒன்று உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். யாரும் சாக மாட்டார்கள். வேதரத்தினம் ஒரு தடவை விளையாடிவிட்டு, "இதுக்குத் தாயக்கட்டையைக் கையில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கலாம்" என்று எழுந்து வந்துவிட்டார்.

அவர் மனதில் இருந்தது இரண்டாம் பதிப்பு. பதினேழு வயதில் கல்லூரி விடுதியில் விளையாடியது. அது ஊர்மூளையில் இல்லை. காகிதத்தில்தான் இருந்தது. குடியிருப்பிலோ காகிதம் தடை செய்யப்பட்ட பொருள். பிராணவாயு நிறைந்த குமிழிக்குள் ஒரு பொறி போதும்.

மன்னார்குடியில் இருந்த அக்கா பத்மாவதிக்குத் தகவல் போனது. அந்த அம்மாள் பரணிலிருந்து தம்பியின் பழைய புத்தகத்தை இறக்கி, தையலைப் பிரித்து, தாள்களை அப்பள அளவில் வட்டமாக மடித்து, இரண்டு அப்பளத்துக்கு நடுவே ஒன்று வீதம் செருகி, ஐந்து கட்டாகக் கட்டி அனுப்பிவிட்டாள். ஆய்வுக் கருவிக்கு இரண்டும் காய்ந்த தாவரச் சமாச்சாரமாகத்தான் தெரிந்தன. அப்பளங்கள் தூளாக வந்து சேர்ந்தன. தாள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவது கட்டு மட்டும் கப்பலில் தங்கிப்போய் அன்று காலைதான் வந்தது.

மதியம் மூன்று மணிக்கு வடிகட்டி பழுதுபார்க்கும் அறையில் மூன்று பேர் கூடினார்கள். வேதரத்தினம், அவரோடு வேலை பார்க்கும் ஆரோக்கியம், கீரைத் தோட்டத்துப் பொறுப்பாளர் ஜைனுலம்மா. சந்திரனில் பகடையைக் கையால் உருட்டினால் அது குதித்துக் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் வரும். அதனால் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிக் குலுக்கினார்கள்.

"ரத்தினம், கதவைப் பாருங்க. உங்களுக்கு அறுபத்தாறு" என்றார் ஆரோக்கியம். அறைக் கதவுகளும் உள்ளே இருப்பவர்களின் எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

"பாக்காதீங்கய்யா. பாத்தா ஏறும்."

பார்க்காமல் இருக்க முயன்றதில் அறுபத்தேழு ஆனது.

வேதரத்தினம் கதை நடத்தினார். கப்பலின் பின்பக்கம் விண்கல் மோதி ஓட்டை விழுந்தது. ஜைனுலம்மாவின் பாத்திரம் அடைக்கப் போனது. காற்று இன்னும் மூன்று மூச்சுக்குத்தான்.

"நாலுக்கு மேல விழுந்தா பொழைச்சீங்க" என்றார்.

ஜைனுலம்மா டப்பாவைக் குலுக்கித் திறந்தார். இரண்டு.

"யா அல்லா! என்னையக் கொன்னுட்டீங்களே அண்ணே!" அந்த அம்மாவின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். முகத்திலோ மூன்று மாதமாக யாரும் பார்க்காத சந்தோஷம். "இன்னொரு ஆளு எடுத்துக்கிறேன். ஆடுங்க, ஆடுங்க."

அப்போது கதவு திறந்தது. நலத்துறை அதிகாரி நப்பின்னை நின்றிருந்தாள். முப்பது வயது, கறாரான பெண் என்று பெயரெடுத்தவள். ஒரே அறையில் மூன்று பேருக்குக் கவலை ஏறுகிறதே என்று ஊர்மூளை அவளை மதியத் தூக்கத்திலிருந்து எழுப்பி அனுப்பியிருந்தது. டப்பாவைப் பார்த்தாள், தாள்களைப் பார்த்தாள், கதவிலிருந்த எண்ணையும் பார்த்தாள்.

வேதரத்தினத்துக்கு எழுபத்தொன்று.

அவர் எழுந்து அவளிடம் போனார். "அம்மா, எழுபத்தொண்ணு இப்பத்தான் ஆச்சு. உங்களைப் பாத்துத்தான். என்னைய அனுப்பிடாதீங்க. அங்க போனா நான் எந்திரிச்சு நிக்கக்கூட முடியாது."

"காகிதம் எதுக்கு சார் கொண்டுவந்தீங்க? நாலாம் பதிப்புல என்ன குறை?"

"அதுல பயம் இல்லம்மா. பயம் இல்லாம என்ன விளையாட்டு? இந்தப் பதிப்புதான் விளையாட்டு. இதுக்கப்புறம் வந்ததெல்லாம் குழந்தைகளுக்கு."

நப்பின்னை பிரிக்காமல் கிடந்த ஐந்தாவது கட்டைப் பிரித்தாள். அப்பளத் தூளை உதறி ஒரு தாளை விரித்தாள். புத்தகத்தின் முதல் பக்கம். ஓரத்தில் நீல மையில் யாரோ எழுதியிருந்தார்கள். உரக்கப் படித்தாள்.

"முதல் பதிப்பில் இருந்த பயம் இதில் இல்லை. குழந்தைகள் விளையாட்டாக ஆக்கிவிட்டார்கள். இனி இதைத் தொடமாட்டேன். வே. வேதரத்தினம், அறை எண் பதினெட்டு."

வேதரத்தினம் தாளை வாங்கிப் பார்த்தார். கையெழுத்து அவருடையதுதான். எழுதியது சுத்தமாக ஞாபகம் இல்லை. அந்த விடுதியில் ராத்திரி பகலாக விளையாடியது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மனிதர் விடவில்லை. "அது... முதல் பதிப்பு உண்மையிலேயே நல்லா இருக்கும்மா" என்றார் மெதுவாக.

"அக்காகிட்ட கேளுங்களேன், பரண்ல அதுவும் கெடக்கான்னு" என்றார் ஆரோக்கியம்.

நப்பின்னைக்கே சிரிப்பு வந்துவிட்டது. தாள்களையெல்லாம் பொறுக்கித் தீப்பிடிக்காத பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"பயப்படாதீங்க சார். நாலாம் பதிப்பு வந்ததிலேர்ந்து இருநூத்திப் பதினாலு பேர் எழுபதைத் தாண்டியாச்சு. எல்லாரும் பழைய பதிப்பைக் கேட்டுத்தான் சண்டை. அவ்வளவு பேரையும் அனுப்பக் கப்பல் இல்ல. அதனால நலத்துறைக் குழு ஒரு முடிவு எடுத்திருக்கு."

"பழைய பதிப்பைத் திருப்பிக் கொடுக்கப் போறாங்களா?"

"இல்ல சார். கவலைமானியை மாத்தறாங்க. நாளையிலேர்ந்து புதுப் பதிப்பு."

சொன்னபடியே மறுநாள் காலை எல்லாக் கதவிலும் மானி மாறியிருந்தது. புது மானி இதமாகக் கணக்குப் போடும். முன்பு எழுபதாக இருந்தது இப்போது இருபதாகிவிடும். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தாமரைப் படமும் வரும். கதவு எல்லோருக்கும் வணக்கம் சொன்னது. வேதரத்தினத்துக்குப் பதினெட்டு. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். எலும்பு பிழைத்தது. இனி சாகிற வரைக்கும் இங்கேயே நடக்கலாம்.

இரண்டு மாதம் ஆனது. காலையில் கதவைத் தாண்டும்போது முன்போல நெஞ்சு படபடப்பதில்லை. எண் என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதும் நின்றுபோனது. உணவுக்கூடத்தில் வேதரத்தினம் இட்லியைப் பிட்டுக்கொண்டே ஆரோக்கியத்திடம் சொன்னார்:

"என்ன மானி இது? பூப் படம் போட்டுக்கிட்டு. பழசுல எழுபத்தொண்ணுன்னா எழுபத்தொண்ணு. ஒரு பயம் இருந்துது. அதுதான்யா மானி."

"ஆமா. இது குழந்தைகளுக்கு" என்றார் ஆரோக்கியம்.

வேதரத்தினம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கழற்றிப் போட்ட பழைய மானிகளில் ஒன்று பண்டசாலையில் எங்கேயாவது கிடக்குமா, யாருக்கும் தெரியாமல் அதை எடுத்துவர முடியுமா என்று விசாரிக்கத் தொடங்கினார்.