பின்கால் நிற்கும் இடம்

இன்னும் இருபத்தாறு மணி நேரம். அதற்குள் அவன் கோவளத்தில் அலைமேல் நின்றாக வேண்டும்.

செங்கம் சாலையில் மாமாவின் பெயின்ட் கடையைப் பார்த்துக்கொள்ளும் வினோதினிக்கு அது தெரியாது. அவன் ஆறடிப் பலகையோடு கடைக்குள் வந்து, மெழுகு துடைக்க அரை லிட்டர் தின்னர் கேட்டான். அலைச்சறுக்குப் பலகை. கால் வழுக்காமலிருக்கத் தேய்த்த மெழுகு, அடி அண்ணாமலை வீட்டு மொட்டை மாடி வெயிலில் உருகிப் புழுதி அப்பிக் கிடந்தது. ஓரத்தில் மெல்லிய விரிசல் ஒன்று.

"இதுக்குத் தின்னரா? விரிசல் வழியா இறங்குச்சுன்னா உள்ள இருக்குற தெர்மாகோல் கரைஞ்சிடும். மெழுகும் இருக்காது, போர்டும் இருக்காது."

அவன் நிமிர்ந்தான். வெயிலில் கறுத்த முகத்தில் கண்கள் மட்டும் ஈரமாக மின்னின... அவள் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

"நீங்களும் அலை ஏறுவீங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். வேதியியல் படித்ததால் தெரியும் என்றால் தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவான். அலை ஏறுகிறவள் என்றால்... நிற்பான். அவள் லேசாகச் சிரித்து வைத்தாள்.

நின்றான். பெயர் அறிவுச்செல்வன். நாளை மதியம் ஒரு மணிக்குப் போட்டி. முதல் சுற்றைத் தாண்டினால் கோவளத்தில் பயிற்சியாளர் வேலை. இல்லையென்றால் கிரிவலப் பாதையில் அப்பாவின் பூஜை சாமான் கடை. இதுவரை இரவல் பலகைகள்தான், இதுதான் முதல் சொந்தப் பலகை. பையிலிருந்து ஒரு ரப்பர் பேடை எடுத்துக் காட்டினான். பலகையின் வால்பக்கம் ஒட்டிவிட்டால் பின்கால் பார்க்காமலே இடம் கண்டுகொள்ளும். ஆனால் பசை இறுக இருபத்துநாலு மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. ஒட்டியபின் இடம் மாற்றவும் முடியாது.

"மெழுகே போதும்னு பாக்கறேன். பழகினது."

"பஸ் மேல போட்டு எடுத்துட்டுப் போனா திரும்ப உருகும். அங்க ஒரு கடைக்காரிகிட்ட போய் தின்னர் கேப்பீங்க."

"அங்க இவ்ளோ திட்டுற கடைக்காரி இல்லைங்களே."

அவள் காது சுட்டது.

பேடே ஒட்டுவதென்று முடிவானது. மெழுகைப் பழைய ஸ்கேலால் அவன் சுரண்ட, அவள் தெர்மாகோலைக் கரைக்காத ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். முத்தாக உருண்டது... மெழுகு மிச்சமிருக்கிறது. மறுபடி துடைத்தாள். மூன்றாம் முறை சொட்டு பரவியது. அதற்குள் மலைமேல் மேகம் இறங்கி, கோடைமழை சடசடவென்று சாலையை மறைத்தது. ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். உள்ளே பலகை, ஸ்பிரிட் வாசனை, இரண்டு பேர்.

மணி பன்னிரண்டே முக்கால். அவன் பேடின் அடித்தாளை உரித்தான்.

"எங்க ஒட்டட்டும்? வால் ஓரமாவா, நாலு விரல் முன்னாடியா?"

"உங்க கால் எங்க நிக்கும்?"

"அதாங்க குழப்பமே. ஒவ்வொரு போர்டுலயும் ஒவ்வொரு இடம். நீங்க ஏறினவங்க... நீங்க சொல்ற இடத்துல ஒட்டறேன்."

குரலில் துளி சந்தேகமில்லை. ஏதோ ஓர் இடத்தைக் காட்டிவிடலாம். நாளை அவன் கால் அங்கே நிற்காவிட்டால்? உண்மையைச் சொன்னாலோ, பலகையைத் தூக்கிக்கொண்டு இந்த மழையிலேயே போய்விடுவான்.

பேட் பலகையை நெருங்கியது. அவள் சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒட்டாதீங்க. தரையில போர்டு அளவுக்குக் கோடு போடறேன். படுத்து, கண்ண மூடிட்டு எழுந்து நில்லுங்க. பின்கால் எங்க விழுதோ அதான் இடம். என்னக் கேக்காதீங்க."

"ஏங்க?"

விடவேண்டிய கையை அவள் விடவில்லை. மழைச் சத்தம் கொஞ்சம் கம்மியானது.

"நான் கடலையே பாத்ததில்லைங்க... சொன்னா நீங்க போயிடுவீங்கன்னு சொல்லல."