நீல ஏரியும் தகரக் குழாயும்

"வெடிக்கப் போவுதுல! முள்ளு செவப்புக்கு வந்துட்டு!"

ஹெட்போனில் ஜெபஸ்டின் போட்ட கூச்சலில் ரெக்ஸ்லின் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். திரையில் உலையின் வெப்பமானி உண்மையிலேயே சிவப்பைத் தொட்டிருந்தது.

விளையாட்டுதானே என்று யாரும் சிரிக்க வேண்டாம். தூத்துக்குடியில் பிளஸ் டூ படிக்கும் நான்கு பேர், ஆளுக்கொரு வீட்டிலிருந்தபடி கட்டை கட்டையாக அடுக்கி எழுப்பிய உலகம் அது. அதில் ஒரு பாலைவனம், ஒரு பனிமலை, பாலைவனத்தின் நடுவே ஒரு தொழிற்சாலை. தொழிற்சாலை முழுக்க நால்வரில் ஒருத்தியான வில்மாவின் கைவண்ணம். ஸ்கூட்டி விபத்தில் கால் எலும்பு நொறுங்கி அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் மற்ற மூவரும் அதற்குக் காவல் இருந்தார்கள். "என்ன வேணாலும் செய்ங்க, மெஷினை மட்டும் தொடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இன்று வீட்டுக்கு வந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் இந்த உலகத்துக்குள்ளும் வரப் போகிறாள்.

சும்மா இருப்பார்களா நம் ஆட்கள்? வில்மாவை அசத்த வேண்டுமாம்! மாதக்கணக்கில் சுரங்கம் தோண்டி, வைரம் சேர்த்து, உச்சத் தர வேகக் கார்டுகள் செய்து, ஏழு மெஷின்களிலும் செருகிவிட்டார்கள். மெஷின்கள் பேய் பிடித்ததுபோல் ஓடின. அவற்றுக்கு மின்சாரம் தரும் உலை கொதித்தது. உலையைக் குளிரவைக்கும் நீலத் திரவத்தை இழு இழு என்று இழுத்ததில், சுவருக்கு வெளியே இருந்த சின்ன ஊற்று வற்றியே போனது. இனி தொட்டியில் இருப்பதுதான் மிச்சம். அது தீர்ந்தால் உலை வெடிக்கும். தொழிற்சாலை இருந்த இடம் பள்ளமாகிவிடும். உலகத்தின் பழைய நகலையும் கம்ப்யூட்டரில் இடமில்லை என்று போன வாரம்தான் இசக்கி அழித்திருந்தான்.

"கார்டை எல்லாம் கழட்டிருவோமா?" என்றான் இசக்கி.

"சூட்டுல கழட்டினா கருகிரும்ல! அம்புட்டு பாடும் வீணா?" ரெக்ஸ்லினுக்கு மனம் வரவில்லை. வில்மா அந்தக் கார்டுகளைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று எத்தனை நாளாக ஆசைப்பட்டிருக்கிறாள்! "பனிமலைக்கு அடியில நீல ஏரி இருக்கும்னு வில்மா சொல்லிக்கிட்டே இருப்பால்ல? அதைக் கண்டுபிடிப்போம். ஜெபஸ்டின், நீ இங்கன இருந்து தொட்டியைப் பாத்துக்கோ. இசக்கி, பம்பை எடு!"

குதிரைகள் மணலைக் கிளப்பிக்கொண்டு பறந்தன. வற்றிய ஊற்று இருந்த இடத்திலிருந்து, பின்னாலேயே குழாயைப் பதித்தபடி போனார்கள். மலையடிவாரத்தில் ஒரு குகை வாய் தெரிந்தது. குதிரைகளை வெளியே விட்டு உள்ளே நுழைந்த மறு நொடி வெள்ளைக் கரடி ஒன்று உறுமிக்கொண்டு பாய்ந்தது! இசக்கியின் கேடயம் ஒரே அடியில் தூள். ரெக்ஸ்லின் தீப்பந்தத்தை அதன் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். கரடி பின்வாங்கியது, பனி விரிசல் விட்டது, இருவரும் தலைகுப்புற உள்ளே விழுந்தார்கள்.

இருவரும் எழுந்து பார்த்தார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் நீலம்! குகையின் கூரை வரை அதன் வெளிச்சம் ஏறியிருந்தது. வில்மா வருஷக்கணக்கில் தேடியும் கிடைக்காத ஏரி!

"யம்மா! இது கடலுல்லா!" என்றான் இசக்கி.

பம்பை இறக்கினார்கள். அதற்கும் ஒரு உச்சத் தரக் கார்டு. உறுமலோடு நீலம் குழாயில் ஏறி ஓடியது. ரெக்ஸ்லினுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. அதற்குள் காதில் ஜெபஸ்டினின் குரல்.

"எங்கட்டி வருது? சொட்டுச் சொட்டால்ல விழுவுது! தொட்டி அடியைத் தொட்டுட்டு!"

இருவரும் குழாயைப் பிடித்தே மேலே ஏறினார்கள். அது போன வழியிலேயே, பார்த்துக்கொண்டே குதிரையை விரட்டினார்கள். எங்கும் ஓட்டை இல்லை, ஒழுகல் இல்லை. தொழிற்சாலைச் சுவர் வரை நீலம் திமிறிக்கொண்டு வந்திருந்தது. அங்கேதான் விஷயம். சுவருக்கு அடியில், உலையின் தரைக்குக் கீழே, வில்மா முதன்முதலில் பதித்த பழைய தகரக் குழாய். ஊற்றுக்கென்று போட்டது. அதன் வாயும் அவ்வளவு சின்னதுதான். அத்தனை பெரிய ஏரியும் அந்த ஒரு பொத்தல் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும்!

"மெஷினுக்குக் கார்டு போட்டோம், பம்புக்குப் போட்டோம். குழாயை ஒருத்தனும் நினைக்கலையே!" இசக்கி தலையில் அடித்துக்கொண்டான். "தரையைப் பேத்து மாத்தணும்னா நேரம் ஆவும்."

அபாயச் சங்கு ஊதியது. முள் நடுங்கியது. ரெக்ஸ்லின் மெஷின்களைப் பார்த்தாள். மினுமினுவென்று ஏழு கார்டுகள். எத்தனை மாதத்துப் பாடு! ஆனால் வில்மா கேட்டது இதையா? மெஷினைத் தொடாதீர்கள் என்று மட்டும்தானே கேட்டாள்!

"கருகினா கருகிட்டுப் போவுது. பிடுங்குங்கல!"

ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தார்கள். ஒவ்வொரு கார்டும் கையில் வந்ததும் கரியானது. கடைசிக் கார்டைப் பிடுங்கியபோது தொட்டியில் ஒரு வாளி நீலம்கூட இல்லை. மெஷின்கள் பெருமூச்சு விட்டுப் பழைய வேகத்துக்கு இறங்கின. சங்கு நின்றது. தகரக் குழாய் தந்த அந்த மெல்லிய ஒழுக்கு இனி உலைக்குப் போதுமானதாக இருந்தது! முள் மெதுவாகப் பச்சைக்குத் திரும்பியது.

அப்போது திரையில் வில்மாவின் பெயர் மின்னியது. வில்மா உள்ளே வந்துவிட்டாள்!

"ஏட்டி ரெக்ஸ்லின்..." குரல் மெலிந்திருந்தது. "எல்லாம் நான் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்குல்லா! ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு இதத்தான் நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

வில்மா காலடியில் பார்த்தாள். "இதென்ன ஏழு கரிக்கட்டை?"

ரெக்ஸ்லினால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மூச்சு விடாமல் அத்தனையையும் கொட்டித் தீர்த்தாள். கார்டு, உலை, வற்றிய ஊற்று, கரடி, எல்லாம். திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"கொஞ்சம் இரு. ஏரியா?" வில்மாவின் குரல் உடைந்தது. "நீல ஏரியா? நெசமாவா? நெசமாவே இருக்கா?"

"கடல் மாதிரி கெடக்கு வில்மா."

"அப்போ மொதல்ல குழாயை மாத்துவோம், பெறவு கார்டு. பைத்தியங்களா, ஒண்ணை மட்டும் கூட்டினா இப்படித்தான் ஆவும்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஆனா அதெல்லாம் நாளைக்கு. ஏரியைக் காட்டு."

ரெக்ஸ்லின் குதிரையைக் கொண்டு வந்து நிறுத்தினாள்.

"குதிரை வேண்டாம்ட்டி," என்றாள் வில்மா. "நான் நடந்தே எத்தனை மாசமாச்சு! வா, ஓடுவோம்."

நான்கு பேரும் பாலைவனத்தில் இறங்கி ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால் வில்மா ஓடினாள்.