பக்கிரிசாமி சொன்ன பேர்

கணக்கெழுதும் கிராணி தங்கராஜு அவனை உட்காரச் சொல்லவில்லை. அதுகூடப் பரவாயில்லை, பக்கிரிசாமி பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பதிலை அவர் எழுதி முடித்திருந்தார். ஊர், வயது, வேலை பார்த்த தோட்டம், எல்லாம் அப்படியே.

சனிக்கிழமை சாயங்காலம். ஜார்ஜ் டவுன் கரையோரத்துக் கிட்டங்கிகளையெல்லாம் பூட்டியாகிவிட்டது; இது ஒன்றில் மட்டும் முன்னறையில் விளக்கு எரிந்தது. கொப்பரை வாடையும், நனைந்த சாக்கின் புழுக்கமும், அதற்கும் அடியில், நாள்பட்ட காய்ச்சல்காரன் படுத்திருக்கும் அறையில் அடிக்குமே, அந்த வேர்வை நாற்றமும் சேர்ந்து மூக்கை அடைத்தன. கிராணியின் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகைக் கதவு. அதற்கு அப்பால் காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கும் சத்தம். ஒரு ஜோடிக் கால் இல்லை, பல.

இரவுக் காவலுக்கு ஆள் வேண்டுமென்று ஆயர் ஈத்தாம் பாசாரில் சொன்னார்கள். அது முப்பத்தொன்றாம் வருஷம். ரப்பர் விலை விழுந்து, பத்து காவான் என்ற தோட்டத்தில் அவன் சீட்டைக் கிழித்து ஒரு மாதம். வேலையில்லாதவர்களைத் திங்கட்கிழமைக் கப்பலில் ஊருக்கு ஏற்றுகிறார்கள். அவன் மனைவி நவமணிக்கு நிறைமாசம். கப்பலேறினால் தாயும் பிள்ளையும் கரை சேர மாட்டார்கள் என்று மருத்துவச்சி அடித்துச் சொல்லிவிட்டாள். இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும்.

"ராத்திரி வேலை தம்பி. முடியுமா?"

"முடியுங்க ஐயா."

"சனி, ஞாயிறும் உண்டு. லீவு கேக்கக்கூடாது."

"கேக்க மாட்டேங்க."

"தீபாவளிக்கு?"

"அன்னைக்கும் வரேங்க."

கிராணி சிரித்தார். "அட, எதுக்கும் தலையாட்டுறியே! தூக்கம் வராதா உனக்கு? ஒளிக்காம சொல்லு லா."

"வராதுங்க." பச்சைப் பொய்.

"வரும். எல்லாருக்கும் வரும். இங்க அதுதான் தொல்லை."

கதவுக்கு அப்பால் ஏதோ தொப்பென்று விழுந்தது. மூட்டையாக இருக்கும் என்று நினைத்தான். ஆனால் மூட்டை முனகாது. கிராணி திரும்பிப் பார்க்கவில்லை. முனகல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. விழுந்தது மறுபடி எழுந்து நிற்கிறது போலும். பக்கிரிசாமி வாசல் பக்கம் திரும்பினான். ஓடிவிடு என்றது மனசு. கப்பல் என்றது அதே மனசு. நின்றான் பாவி.

"கடைசிக் கேள்வி. உன்னால வர முடியலன்னா, உன் பேருக்கு யாரு நிப்பா?"

தோட்டத்து ஆளுக்கு இதைவிடச் சுலபமான கேள்வி உண்டா? விடியற்காலைப் பெரட்டில் கங்காணி ஒவ்வொருவராகப் பேர் கூப்பிடும்போது, புருஷன் காய்ச்சலில் கிடந்தால் பெண்டாட்டி வந்து வரிசையில் நிற்பாள். பேர் விழாமல் இருந்தால்தான் அடுப்பு எரியும். பத்து வருஷப் பழக்கம். வாய் முந்திக்கொண்டது.

"எம் பொண்டாட்டி நிக்கும் ஐயா. நவமணி."

கிராணி இந்தப் பதிலை மட்டும் எழுதாமல் காத்திருந்தார்.

"நீயாத்தான் சொன்னே. நான் சொல்லச் சொல்லல."

"ஆமாங்க, நாந்தான் சொன்னேன்."

"மாசமா இருக்குதா?"

அதை அவன் சொல்லவேயில்லை. "ஒன்பது மாசங்க."

"அப்ப ரெண்டு பேரா எழுதிக்கிறேன்."

எழுதினார். எழுந்தார். "வேலை உனக்குத்தான்."

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. காலில் விழப் போனவனைத் தடுத்து, கையில் ஒரு ரோத்தான் பிரம்பைத் திணித்தார். நுனி ஈரமாக இருந்தது.

"திருடனை அடிக்கவாங்க?"

"திருடனா? இங்கயா?" என்று கதவைத் திறந்தார்.

உள்ளே சரக்கு இல்லை. யார் யாரோ பேருக்கு நிற்கிற பெரட்டு வரிசை. பெண்கள். கிழவர்கள். பிள்ளைகள். எல்லோரும் நின்றபடி. கால்கள் வீங்கி, தோல் வெடித்து. எல்லோர் கண்ணும் திறந்தபடி.

கடைசியில் ஒருத்தி. தலைக்குக் குளித்த ஈரம்கூடக் காயவில்லை. மத்தியானம் ஆயர் ஈத்தாம் வாடகை அறையில் அவன் விட்டுவந்தபோது கட்டியிருந்த அதே சேலை. இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"நவமணி!"

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"ஐயா, அவளை விட்டுடுங்க. நான் நிக்கிறேன்!"

"நீ நின்னா காவல் யாரு பாக்குறது?" அவர் குரலில் கோபமே இல்லை. "கண்ணை மூடுறவங்கள விடாதே. மூடினா அப்புறம் எந்திரிக்க மாட்டாங்க. திங்கக்கிழமை காலையில வந்து திறக்குறேன்."

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

கதவை இடித்தான். கத்தினான். யாரும் வரவில்லை.

ஒரு விளக்கு. அவன். அவர்கள்.

நவமணி அவனையே பார்த்தாள். அழுதாள். கொட்டாவி விட்டாள். அவள் இமைகள் இறங்கின. பேர் சொல்லிக் கூப்பிட்டான். உலுக்கினான். இன்னும் இறங்கின.

பக்கிரிசாமி பிரம்பை ஓங்கினான்.