கை நீட்டாத வாத்தியார்

தொண்ணூற்று நான்காம் வருடத்து ஐப்பசி மழையை இன்றைக்கு நினைத்தாலும் சண்முகப்பிரியாவுக்கு முகம் சிவந்துவிடும். சண்டை போடப் போன இடத்தில் மனதைத் தொலைத்துவிட்டு வந்தவள் அல்லவா!

அப்போது கிணத்துக்கடவில் ஒரு கொப்பரைக் கிடங்கு காலியாகக் கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் சின்னப் பிள்ளைகள் அங்கேதான் ஓடுவார்கள். பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து, அருள்குமார் என்கிற இளைஞன் அவர்களுக்குப் பாட்டும் படிப்பும் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தான். அம்மாக்கள் தோப்பு வேலை முடித்துத் திரும்பும்வரை பிள்ளைகளுக்கு அதுதான் வீடு.

அன்று மாலை கொட்டுகிற மழையில் அவள் உள்ளே நுழைந்தாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

"ஏனுங்க, எங்கண்ணி பாப்பாகிட்டக் குடுத்துவிட்டதைத் திருப்பி அனுப்பிச்சீங்களாமா?"

அவன் திரும்பினான். கன்னமெல்லாம் சாக்பீஸ் தூள்... அதற்கு மேலே, திட்ட வந்தவளையே திணறடிக்கிற கண்கள்!

"இலவசமுன்னு சொல்லிப்போட்டு இதை வாங்குனா, பீஸ் வாங்குன மாதிரி ஆயிருமுங்க."

"முருங்கைக்காய் பீஸுங்களா? நல்லா இருக்குதுங்க நியாயம்! சும்மா வாங்கி எங்களுக்குப் பழக்கமில்லீங்க."

"எனக்கும் அதே பழக்கந்தானுங்க, அம்மணி."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பாவி... அந்தச் சிரிப்பை யார் கேட்டது?

ஆனால் விஷயம் சிரிப்போடு போகவில்லை. அவன் பலர் வீட்டுக் காய்கறியையும் திருப்பி அனுப்பியிருந்தான். தானமா வாங்கிப் படிக்க எம்புள்ளை என்ன அனாதையா என்று ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். அவளுடைய அண்ணி சாந்தாமணியும் மகளை நிறுத்திவிட்டாள். சாயங்காலமானால் பிள்ளைகள் தோப்புக் கிணற்றடியில் திரிந்தன.

அதைப் பார்த்த சண்முகப்பிரியா மறுபடி கிடங்குக்குப் போனாள். விரித்த பாய்களுக்கு முன்னால் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான்... அவளுக்குக் கண் கரித்தது.

"நாளையிலிருந்து வரலீங்க," என்றான். "யாருகிட்டயும் கை நீட்டாம வளந்தவன் நான். இனிமே மாத்திக்க முடியுங்களா?"

"புள்ளைகளைவிட உங்க வீம்பு பெருசுங்களா?"

அவன் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்தான். அவள் பின்னாலேயே நடந்தான். சாந்தாமணி வீட்டு வாசலில் நின்று, காது மடல் சிவக்க, மெல்லச் சொன்னான்.

"அக்கா... பசிக்குதுங்க. ஏதாச்சும் இருந்தாக் குடுங்க."

சாந்தாமணி ஒரு கணம் திகைத்தாள். அடுத்த கணம் இலை விழுந்தது. "இதைத்தானுங்க தம்பி எதிர்பார்த்தோம்!" என்று கம்பஞ்சோறும் கீரைக் கடைசலும் அள்ளி வைத்தாள். அவன் அங்கே சாப்பிட்ட சேதி ஊர் முழுக்கப் பரவியது. மறுநாள் கிடங்கில் பிள்ளைகளின் இரைச்சல் கூரையைப் பிளந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் ஒரே குடை, இரண்டு பேர். பொள்ளாச்சி பஸ் வந்தது, அவன் ஏறவில்லை.

"இன்னொண்ணும் கேக்கோணும்... கேட்டாக் குடுப்பாங்களான்னு பயமா இருக்குதுங்க."

"என்னதுங்க?"

"உங்களைத்தானுங்க. எங்கம்மாளைக் கூட்டிட்டுப் பொண்ணு கேட்டு வரட்டுங்களா?"

அவள் நனைந்த தரையைப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"நீங்க எங்கீங்க வாயத் தொறந்து கேக்கப் போறீங்கன்னு நெனச்சு... கட்டுனா உங்களைத்தான் கட்டுவேனுன்னு எங்கண்ணன்கிட்ட நானே சொல்லிப்போட்டேனுங்க!"