அளவு மிஷின்

காலையிலிருந்தே மிஷின் தோலை வாங்கவில்லை, பிடுங்கியது.

ஆம்பூர் தோல் ஷெட்டில் பச்சையப்பனுக்குப் பதினெட்டு வருஷமாக இதே வேலைதான். ஓடும் நைலான் கயிறுகள் மேல் தோலை விரித்து வைப்பான். அது விளக்கு வரிசைக்கு அடியில் நுழைந்து போனதும், எத்தனை சதுர அடி என்று சீட்டு வரும். போன மாசம் மிஷினுக்கு டெலிபோன் ஒயர் இழுத்தார்கள். அதிலிருந்து வேகம் ஒரு நாள் ஜாஸ்தி, ஒரு நாள் கம்மி.

"இன்னா பாய், மறுபடியும் மாத்திட்டீங்களா?"

சூப்பர்வைசர் ஆபித் பாஷா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நான் எங்க மாத்தினேன்? ஃபாரின்லேர்ந்து அந்த ஒயர் வழியா அதுவே மாத்திக்குது. எவ்ளோ வேகம் ஆளு தாங்குறான்னு மிஷின் கம்பெனிக்காரங்க டெஸ்ட் பண்றாங்களாம்."

"என்மேலயா? ஒரு வார்த்த கேட்டாங்களா?"

"என்னையே கேக்கலப்பா. பேஜார் பண்ணாத. ஒயர்ல கைய வச்சே, வேல போய்டும்."

வெள்ளிக்கிழமை மதியம். ஷெட் காலியானது. அவனுக்கு இன்னும் ஒரு கட்டு பாக்கி. மீன் எண்ணெயும் சாயமும் கலந்த வாடை வெயிலில் புழுங்கி மூக்கை அடைக்க, எங்கோ ஒரு டிரம்மிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, விளக்கு வரிசை மட்டும் வண்டுபோல் ரீங்கரித்தது.

அடுத்த தோலை வைத்தான். கயிறு சுண்டி இழுத்தது. தோலோடு கையும் முழங்கை வரை உள்ளே போனது. உதறி வெளியே எடுத்தான்.

சீட்டு வந்தது.

எப்போதும் இங்கிலீஷில் வரும் சீட்டு. இன்று தமிழ். நாற்பது வயதில் அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினான்.

வலது கை. முக்கால் சதுர அடி.

இவனுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும் என்று அதற்கு யார் சொன்னது?

வேலை போனால் போகட்டும். டெலிபோன் ஒயரைப் பிடுங்கினான். மெயின் சுவிட்சையும் அணைத்தான். கயிறுகள் நின்றன. ரீங்காரம் நிற்கவில்லை. மிஷினைச் சுற்றி வந்து, விளக்கு இன்னும் எரிகிறதா என்று கயிறுகள் மேல் குனிந்து பார்த்தான்.

இன்னொரு சீட்டு.

பச்சையப்பன். பதினேழே முக்கால் சதுர அடி. மணி 1.40.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று முப்பத்தொன்பது.

ஒயர் அவன் கையில்தான் இருந்தது. சுவிட்ச் அணைத்தபடியேதான் இருந்தது.

கயிறுகள் மெல்ல அசைந்தன.

சட்டை நுனி ஏற்கெனவே உள்ளே.